பக்கவாதமும் பச்சிலையும்

நம் கிராமங்களில் பச்சிலைக்குப் பஞ்சமில்லை. கிணற்றடி ஈரத்தில் வல்லாரை படர்ந்து கிடக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் நீர்ப்பிரமி தழைத்திருக்கிறது. கொல்லையிலே மஞ்சள் விளைகிறது. சந்தைக்குச் சென்றால் நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்கு கிடைக்கிறது. இவற்றுள் வல்லாரையும் நீர்ப்பிரமியும் அறிவுக்கும் நினைவாற்றலுக்கும் நல்லவை என்று நம் முன்னோர் கருதி வந்தனர். இன்று விஞ்ஞானிகளும் இத்தகைய செடிகளின் சாற்றைச் சோதனைச் சாலைக்கு எடுத்துச் சென்று, பக்கவாதத்தினால் மூளைக்கு நேரும் சேதத்தை இவை தடுக்கவல்லனவா என்று ஆராய்ந்து வருகின்றனர். அந்த ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது, அதிலிருந்து கிராமவாசிகளாகிய நாம் கொள்ள வேண்டுவது என்ன, தள்ள வேண்டுவது என்ன என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இதனை வெறும் விஞ்ஞானச் செய்தியாக மட்டும் எண்ணிவிடலாகாது. விடியற்காலையில் மடை திறக்கப் புறப்பட்ட குடியானவர் ஒருவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது. வலக்கை செயலற்றுத் தொங்குகிறது. பேச்சுக் குழறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒருவர் பச்சிலை பறிக்க ஓடுகிறார். மற்றொருவர் கஷாயம் காய்ச்ச அடுப்பை மூட்டுகிறார். பக்கத்து ஊருக்கு ஆள் போகிறது. ‘சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்கிறார் பெரியவர் ஒருவர். எல்லாரும் அன்பினால்தான் இவற்றைச் செய்கின்றனர். ஆயினும், அவ்வாறு கழியும் இரண்டு மூன்று மணி நேரமே அந்தக் குடியானவர் மீண்டும் மண்வெட்டி பிடிப்பாரா, அல்லது எஞ்சிய நாளெல்லாம் கட்டிலோடு கிடப்பாரா என்பதைத் தீர்மானித்துவிடக்கூடும்.

மூளையும் வாய்க்காலும்

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடல் எடையில் இது நூற்றுக்கு இரண்டு பங்கேயாகும். ஆயினும், உடல் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதனைக் கொண்டுவருவது இரத்தம். இரத்தம் நின்றுவிட்டால், சேமித்து வைத்து உண்பதற்கு மூளையினிடம் ஏதுமில்லை. சில நிமிடங்களிலேயே அதன் அணுக்கள் மடியத் தொடங்குகின்றன.

பக்கவாதம் இருவகையாக நேரும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்துக்கொள்வது ஒருவகை. குழாய் வெடித்து மூளைக்குள்ளே இரத்தம் கசிவது மற்றொரு வகை. பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. வெளியே தோன்றும் அறிகுறிகளை மட்டும் கொண்டு இது இன்ன வகையென்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ‘ஸ்கேன்’ எடுத்துப் பார்த்த பின்னரே மருத்துவரும் தெளிகிறார்.

அடைப்பினால் நேர்வதை உழவர்கள் எளிதில் உணரலாம். கிளை வாய்க்கால் ஒன்றில் மண் சரிந்து தண்ணீர் தடைப்பட்டதாக எண்ணிக்கொள்வோம். அவ்வாய்க்காலையே முழுதும் நம்பியிருந்த வயல் விரைவில் காய்ந்துவிடும். அதனை அடுத்துள்ள வயல்களோ, வேறு வாய்க்கால்களின் கசிவு நீரைக் கொண்டு சில நாள் தாக்குப் பிடிக்கும். பயிர் வாடும், ஆனால் உயிர் இருக்கும். அடைப்பை உடனே நீக்கினால் அந்த வாடிய வயல்களைக் காத்துவிடலாம். காலந்தாழ்த்தினால் அவையும் கருகிப்போகும்.

மூளையிலும் இவ்வாறே நிகழ்கிறது. நடுவில் ஒரு பகுதி விரைவில் மடிகிறது. அதனைச் சூழ்ந்த பகுதி, பக்கத்துக் குழாய்களின் சிறிதளவு இரத்தத்தால் உயிரைப் பிடித்துக்கொண்டு, செயலற்றுக் காத்திருக்கிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டு மருத்துவம் பெறாதவருக்கு நிமிடந்தோறும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். காத்திருக்கும் அந்தப் பகுதியைக் காப்பாற்றுவதே மருத்துவத்தின் குறிக்கோள்.

செடியின் சாறு எங்கே உதவக்கூடும்?

இரத்தம் தடைப்பட்ட நரம்பணுக்கள் உடனே அமைதியாக மடிந்துவிடுவதில்லை. அவற்றிலிருந்து ‘குளுட்டமேட்’ என்னும் இரசாயனப் பொருள் அளவுக்கு மீறி வெளிப்பட்டு, பக்கத்து அணுக்களைத் தூண்டித் துன்புறுத்துகிறது. அதனால் சுண்ணாம்புச் சத்து அணுக்களுக்குள் பெருகிப் புகுந்து, உள்ளிருக்கும் அமைப்புகளைச் சிதைக்கிறது. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வது போன்ற வினையை உண்டாக்கும் தீய மூலக்கூறுகளும் தோன்றுகின்றன. பின்னர் அழற்சி உண்டாகி மூளை வீங்குகிறது. இவையெல்லாம் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை தொடர்கின்றன.

இச்சங்கிலியில் எங்கேனும் ஒரு கண்ணியை அறுக்க முடியுமா என்பதே விஞ்ஞானிகளின் கேள்வி. துருப்பிடித்தல் போன்ற வினையையும் அழற்சியையும் தணிக்கும் பொருள்கள் பல செடிகளில் உள்ளன. வல்லாரையில் ஆசியாட்டிகோசைடும் ஆசியாட்டிக் அமிலமும், நீர்ப்பிரமியில் பாக்கோசைடுகளும், மஞ்சளில் குர்க்குமினும், அமுக்கராவில் விதனோலைடுகளும் இருக்கின்றன. ஆகவே இவை ஆராய்ச்சியாளர்களின் கவனத்தை ஈர்த்தன.

சோதனையை எலிகளிலே செய்கின்றனர். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, கழுத்துக் குழாய் வழியாக மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி, மூளையின் முக்கியக் குழாயை அடைக்கின்றனர். சிறிது நேரம் சென்றபின் இழையை எடுத்துவிடுகின்றனர். சில எலிகளுக்குச் செடியின் சத்தைக் கொடுக்கின்றனர், சிலவற்றுக்குக் கொடுப்பதில்லை. பின்னர் மூளையைத் துண்டுகளாக்கி ஒரு சாயத்தில் தோய்க்கின்றனர். உயிருள்ள பகுதி சிவக்கும். மடிந்த பகுதி வெளிறியே நிற்கும். மேற்கூறிய செடிகளின் சத்தைப் பெற்ற எலிகளிலும் சுண்டெலிகளிலும் வெளிறிய பகுதி குறைந்திருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் இந்த இடத்தில் நாம் நின்று நிதானித்தல் வேண்டும்.

எலிக்கும் மனிதனுக்கும் இடைவெளி

சோதனை எலி பெரும்பாலும் இளையது, நோயற்றது. பக்கவாதம் கண்ட மனிதரோ பெரும்பாலும் முதியவர். இரத்த அழுத்தமோ நீரிழிவோ உடையவர். எலிக்கு அடைப்பு எந்த நிமிடத்தில் உண்டாயிற்று என்பது தெரியும். பல சோதனைகளில் அடைப்புக்கு முன்னரே மருந்து கொடுத்துவிடுகின்றனர். மனிதருக்கு நோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எலிக்குச் செலுத்தப்படுவது பிரித்தெடுத்துத் தூய்மை செய்து அளந்த சத்து. நாம் அரைத்துக் கொடுக்கும் பச்சிலையில் அந்தச் சத்து எவ்வளவு என்பதை எவர் அளந்தார்? மண்ணுக்கும் பருவத்துக்கும் தக்கபடி அது மாறுபடும்.

உட்கொண்ட பொருளெல்லாம் மூளையைச் சென்றடைவதுமில்லை. மஞ்சளின் குர்க்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. இரத்தத்தில் ஏறிய பொருள்களிலும் பலவற்றை, மூளைக்குழாய்களின் சுவர் காவற்காரனைப்போல் தடுத்து நிறுத்திவிடுகிறது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பக்கவாதத்துக்காகச் சோதனைச்சாலைகளில் ஆராயப்பட்ட 1,026 சிகிச்சை முறைகளை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விலங்குகளில் வெற்றி கண்டவை அவற்றுள் மிகப் பல. ஆயினும் மூளை அணுக்களை நேரே காக்கும் மருந்தாக மனிதர்களிடம் ஐயமற நிலைபெற்றது என்று உலகம் ஒப்புக்கொள்ளத்தக்க ஒன்றும் அவற்றுள் அப்போது இருக்கவில்லை.

மனிதரிடம் செய்த சோதனைகள்

செடிகளை அடிப்படையாகக் கொண்ட சில மருந்துகள் மனிதரிடமும் முறையாகச் சோதிக்கப்பட்டுள்ளன. ஒரு பாதி நோயாளிகளுக்கு மருந்தும், மறுபாதிக்கு அதே தோற்றமுள்ள வெற்று மருந்தும் கொடுத்து, யாருக்கு எது என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைப்பது இச்சோதனையின் முறை.

பல மூலிகைகளைச் சேர்த்துச் செய்த சீன மருந்து ஒன்று, ஆசிய நாடுகள் சிலவற்றில் 1,100 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2013இல் முடிவு வெளியாயிற்று. மூன்று மாதங்களுக்குப் பின் இரு சாராரிடையேயும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்தவர்கள் 1,600க்கும் மேற்பட்டோரிடம் மற்றொரு சீன மூலிகை மருந்தைச் சோதித்து, 2024இல் முடிவை வெளியிட்டனர். அதிலும் பயன் தெரியவில்லை.

நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. கொத்துமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த செலரி என்னும் கீரையின் விதையிலிருந்து சீன விஞ்ஞானிகள் ‘பியூட்டைல்தாலைடு’ என்ற பொருளைக் கண்டெடுத்தனர். பின்னர் அதனைச் செயற்கை முறையில் தூய மருந்தாகச் செய்தனர். 2002இல் சீன அரசு அதற்கு அனுமதி வழங்கிற்று. 1,216 நோயாளிகளிடம் அதனைச் சோதித்த முடிவு 2023இல் வெளிவந்தது. 90 நாட்களுக்குப் பின் நல்ல நிலையை எய்தியவர்கள், மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 57 பேர்; வெற்று மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 44 பேர். பிற நாடுகளிலும் இது உறுதிப்பட வேண்டும் என்பது உண்மையே. எனினும் இது சிறிய முன்னேற்றம் அன்று.

இச்சோதனையில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த நோயாளிகள் அனைவரும் நோய் கண்ட ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடைந்தவர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியோ, கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையோ பெற்றவர்கள். அந்தச் சிகிச்சையோடு சேர்த்தே இம்மருந்து கொடுக்கப்பட்டது. அடைப்பை நீக்கித் தண்ணீர் பாய்ச்சிய வயலுக்கு மேற்கொண்டு இட்ட உரம் இது. தண்ணீரே வராத வயலில் உரத்தைக் கொட்டிப் பயனென்ன?

நேரம் என்னும் மருந்து

கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தின் பயன் 1995இல் மெய்ப்பிக்கப்பட்டது. நோய் கண்ட மூன்று மணி நேரத்துக்குள் அது செலுத்தப்பட வேண்டுமென்று முதலில் வரையறுத்தனர். 2008இல் வெளிவந்த ஆய்வினால் அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. பெரிய குழாய் அடைபட்டவர்களுக்குத் தொடை வழியாக நுண்குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறையின் பயனை 2015இல் பல ஆய்வுகள் உறுதி செய்தன. தக்க நோயாளிகள் சிலருக்கு இதனை 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம். ஆனால் எல்லை இருக்கிறதே என்று காத்திருப்பது தவறு. எல்லைக்குள்ளேயும், முந்தி வந்தவருக்கே பயன் மிகுதி.

எனவே கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறுதல், கண் பார்வை திடீரென மங்குதல், காரணமின்றித் தள்ளாடுதல், இதுவரை கண்டறியாத கடுந்தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108 எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆகவேண்டும். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூற வேண்டும். ஊசி போடலாமா என்பதை அவர் முடிவு செய்வதற்கு அந்த நேரம் இன்றியமையாதது. அவர் வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளையும், நாட்டு மருந்து ஏதேனும் உண்டாயின் அதனையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

வாயில் எதையும் ஊற்றலாகாது. பக்கவாதம் கண்டவர்களில் பலருக்கு விழுங்கும் ஆற்றல் கெட்டிருக்கும். அந்நிலையில் கஷாயமோ, பச்சிலைச் சாறோ, பாலோ, வெறும் தண்ணீரோ கொடுத்தால் அது மூச்சுக் குழாயில் இறங்கி மூச்சுத் திணறலையும் நுரையீரல் காய்ச்சலையும் உண்டாக்கும். இரத்தக் கசிவாக இருக்கக்கூடுமாதலால் ஆஸ்பிரின் போன்ற மாத்திரையையும் நாமாகக் கொடுத்தல் கூடாது. உணர்வு மங்கியிருப்பின் ஒருக்களித்துப் படுக்க வைப்பதே போதும்.

ஒரு வேர் கற்பித்த பாடம்

இவ்வளவும் கூறுவதால் மூலிகையை நாம் குறைத்து மதிப்பதாக எவரும் எண்ணவேண்டுவதில்லை. மூளையைப் பக்கவாதத்திலிருந்து காத்த மூலிகை ஒன்றை நம் நாடே உலகுக்கு வழங்கியிருக்கிறது. அதுவே சர்ப்பகந்தி. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் என்பார், இவ்வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைத் தம் நோயாளிகளிடம் கண்டு, 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அதிலிருந்து ‘ரிசர்ப்பின்’ என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். கடும் இரத்த அழுத்தமுடைய 143 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 1967இல் வெளியாயிற்று. வெற்று மருந்து பெற்றவர்களில் 27 பேருக்குப் பக்கவாதம் முதலான கடுந்தீங்குகள் நேர்ந்தன. ரிசர்ப்பின் அடங்கிய மருந்துகளைப் பெற்றவர்களிலோ இருவருக்கே நேர்ந்தன.

வேர் மருந்தான விதம் கருதத்தக்கது. சத்து பிரிக்கப்பட்டது, அளவு நிறுவப்பட்டது, மனிதரிடம் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. மனச்சோர்வு போன்ற தீய விளைவுகளும் மறைக்கப்படாமல் எழுதப்பட்டன. அதனாலேயே அதனினும் நல்ல மாத்திரைகள் பின்னர் தோன்றின. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் அம்மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரத்த அழுத்தத்தின் மேல் அளவைப் பத்துப் புள்ளி குறைத்தால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது. மூளையைக் காப்பதற்கு இன்று நம் கையிலிருக்கும் சிறந்த வழி இதுவேயாகும்.

மருந்துண்போர் கவனத்திற்கு

வல்லாரைக் கீரையைத் துவையலாகவும், மஞ்சளைக் குழம்பிலும் உண்பதில் குற்றமில்லை. ஆனால் உணவாக உண்பது வேறு, செறிந்த சாற்றையும் மாத்திரையையும் நாள்தோறும் உட்கொள்வது வேறு. மஞ்சள் சத்து மாத்திரை இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடு சேர்ந்து இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும். அமுக்கரா, வல்லாரை ஆகியவற்றின் செறிந்த மருந்துகளால் ஈரல் பாதிக்கப்பட்ட செய்திகளும் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பச்சிலையை மட்டும் நம்புவது எல்லாவற்றினும் பெருந்தவறு. பக்கவாதம் கண்டு தேறி வருபவர் சித்த மருத்துவம் பெற விரும்பினால், தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் சென்று, தாம் உண்ணும் மாத்திரைகளை அவருக்கும், அவர் தரும் மருந்தை ஆங்கில மருத்துவருக்கும் தெரிவித்தல் வேண்டும்.

உழவர்களுக்கு ஒரு சொல்

மூலிகைப் பயிரிடுதலை ஊக்குவிக்க 2000ஆம் ஆண்டில் தேசிய மருத்துவத் தாவர வாரியம் அமைக்கப்பட்டது. வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் பயிரிட விரும்புவோர் தண்ணீரின் தூய்மையை முதலில் கருதவேண்டும். இவ்விரண்டும் காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் உறிஞ்சித் தம்மிடம் சேர்த்து வைத்துக்கொள்பவை. சாக்கடையோரத்திலும் தொழிற்சாலைக் கழிவு பாயும் ஓடையிலும் தழைத்ததைப் பறித்து விற்றாலும் உண்டாலும் தீங்கே விளையும். வடநாட்டில் இரு செடிகளையுமே ‘பிராமி’ என்று அழைப்பதால், விற்கும்போது இன்ன செடி என்று தெளிவாகக் கூறி விற்பதும் அவசியம். காடுகளில் வேரோடு பிடுங்கியதனால் சர்ப்பகந்தி அருகிவிட்டது. அதன் பன்னாட்டு வாணிகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகையால் காட்டுச் செடியைப் பறிக்காமல், முறையாக நாற்றுப் பெற்றுப் பயிரிடுவதே தக்கது.

ஊராட்சிகளின் கடமை

ஊராட்சி உறுப்பினர்கள் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய பணிகள் சில உள்ளன. எந்நேரமும் ‘ஸ்கேன்’ எடுக்கவும், கட்டியைக் கரைக்கும் ஊசி போடவும் வசதியுள்ள மருத்துவமனை தம் ஊருக்கு அண்மையில் எங்கே இருக்கிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டறிந்து, அதன் பெயரையும் தொலைவையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். அறிகுறிகளையும் 108 எண்ணையும் அதனருகே எழுதலாம். இரவில் வண்டி ஊருக்குள் வருவதற்குத் தடையாக இருக்கும் பாதைகளைச் சீர்செய்யலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்து எடுத்துரைக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாகப் பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் சோதிக்கின்றனர். வயலுக்குச் சென்றுவிட்டதால் விட்டுப்போன ஆடவர்களை அழைத்து வந்து சோதனைக்கு உட்படுத்துவதில் உறுப்பினர்கள் துணை நிற்கலாம். உப்பு, ஊறுகாய், கருவாடு ஆகியவற்றைக் குறைத்தலும் புகையிலையை விலக்குதலும் பற்றி மாதர் சுய உதவிக் குழுக்கள் வாயிலாகப் பரப்பலாம்.

வல்லாரைக்குள் என்ன ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் தொடர்ந்து ஆராயட்டும். நல்ல மருந்து கிடைக்குமாயின் அதனை முதலில் வரவேற்பவர்கள் நாமாகவே இருப்போம். அந்த மருந்தும், உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்த நோயாளிக்கே பயன்படப் போகிறது. ஆகவே நம் ஊரில் பக்கவாதம் கண்ட ஒருவரேனும் காலதாமதத்தினால் முடங்கிப்போகாதிருக்க வேண்டிய ஏற்பாடுகளை ஒவ்வோர் ஊராட்சியும் இன்றே தொடங்குமாக.